கைதட்டிய ஊரில் கல்லும் விழுந்தது!

டாக்டர்களும் நர்சுகளும் பட்ட பாடு: அடுத்த தடவையாவது ஊர் திருந்துமா?

சென்னை,
2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மாலை மணி 5.

நகரம் முழுவதும் ஒரே சத்தம். மொட்டை மாடியிலும் வீட்டு வாசலிலும் நின்று ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டு, கரண்டி, பூஜை மணி என்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டினார்கள்.

எதற்கு? கொரோனாவை எதிர்த்து வேலை செய்யும் டாக்டர்கள், நர்சுகள், துப்புரவு தொழிலாளர்களுக்கு நன்றி சொல்ல! பிரதமர் கேட்டுக்கொண்டபடி அன்று நாடு முழுவதும் இப்படி நடந்தது.

சரியாக 4 வாரம் போயிற்று. ஏப்ரல் 19-ந் தேதி. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று இரவு இதே நகரத்தில் ஒரு டாக்டரின் உடல் ஆம்புலன்சு வண்டியில் கிடந்தது. புதைக்க 6 அடி மண் கிடைக்கவில்லை. கல் பறந்தது. கட்டை பறந்தது. வண்டியின் கண்ணாடி நொறுங்கியது. டிரைவர்கள் காயம் அடைந்தார்கள்.

நள்ளிரவில் ஒரு மண்வெட்டி

இறந்தவர் டாக்டர் சைமன் ஹெர்குலஸ். வயது 55. மூளை-நரம்பு ஆபரேஷன் நிபுணர். கொரோனா அவரையும் பிடித்தது. சிகிச்சை பலன் இன்றி இறந்தார்.

உடலை முதலில் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. அங்கே கூட்டம் கூடிவிட்டது. "இங்கே புதைக்கக்கூடாது. எங்களுக்கும் நோய் வந்துடும்" என்று எதிர்ப்பு. வண்டி அண்ணாநகர் பக்கம் வேலங்காடு இடுகாட்டுக்கு திரும்பியது. அங்கேதான் கல்வீச்சு.

அடி தாங்காமல், வந்தவர்கள் உடலுடன் திரும்பி ஓட வேண்டியதாயிற்று. கணவரை, தகப்பனை அடக்கம் செய்ய வந்த மனைவியும் மகனும் அதைக்கூட பார்க்க முடியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நெஞ்சை உருக்கும் சம்பவம். இறந்தவரின் நண்பர் ஒருவர். அவரும் டாக்டர், எலும்பு சிகிச்சை நிபுணர். அவரே ஆம்புலன்சை ஓட்டினார். ஆஸ்பத்திரி வார்டு ஊழியர்கள் 2 பேர் துணைக்கு போனார்கள். போலீஸ் காவலுடன் நள்ளிரவுக்கு மேல் உடலை குழியில் இறக்கினார்கள். மண் தள்ள ஆள் இல்லை. ஒரு மண்வெட்டி இருந்தது. மீதி மண்ணை கையாலேயே அள்ளிப் போட்டு மூடினார்கள்.

எத்தனையோ பேருடைய மண்டையை திறந்து உயிர் காத்த டாக்டருக்கு, ஊர் செய்த கடைசி மரியாதை இது!

தாக்கியவர்களை போலீசார் கைது செய்தார்கள். குண்டர் சட்டமும் பாய்ந்தது. ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த மாதமே தமிழக அரசு ஓர் அவசர சட்டம் போட்டது. தொற்றுநோயில் இறந்தவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் தடுத்தால் 3 ஆண்டு வரை ஜெயில் என்றது.

நடிகர் விஜயகாந்த், "என் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை தருகிறேன். அங்கே அடக்கம் செய்யட்டும்" என்று அறிவித்தார். ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் நிலம். அதே சென்னைதான்!

செத்தவர் இருமுவாரா?

கல் எறிந்தவர்கள் எல்லாம் ரவுடிகளா? அப்படி சொல்லி தப்பித்துவிட முடியாது. பயம். வெறும் பயம்.

கொரோனா மூச்சுக்காற்றில் பரவும் நோய். இருமினால், தும்மினால், பக்கத்தில் நின்று பேசினால் பரவும். செத்தவர் இருமமாட்டார், தும்மமாட்டார், பேசமாட்டார். உடலை பை போட்டு மூடி, ஆழமாக குழி தோண்டி புதைத்தபிறகு, பக்கத்து தெருவில் இருப்பவருக்கு அதிலிருந்து நோய் வர வழியே இல்லை.

இந்த சின்ன விஷயத்தை தெருத்தெருவாக முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி கல் கீழே விழுந்திருக்கும். கைதட்ட சொல்ல ஆள் இருந்தது. இதை சொல்லத்தான் ஆள் போதவில்லை.

"நாளைக்கே காலி பண்ணும்மா!"

கல் விழுந்தது ஒரு இரவில். கல் இல்லாமலே விழுந்த அடிகள் ஏராளம்.

2020 மார்ச் மாதத்திலேயே நாட்டின் பல ஊர்களில் இந்த கூத்து ஆரம்பித்துவிட்டது. வாடகை வீட்டில் இருந்த டாக்டர்களையும் நர்சுகளையும் வீட்டுக்காரர்கள் துரத்தினார்கள். டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் மத்திய உள்துறை மந்திரிக்கே புகார் எழுதினார்கள்.

"உன் மேலே எங்களுக்கு கோபம் இல்லேம்மா. வீட்டுல சின்னக்குழந்தை இருக்கு, வயசானவங்க இருக்காங்க. நாளைக்கே காலி பண்ணிடு." பேச்சு இப்படி தேனாகத்தான் இருக்கும். பெட்டி மட்டும் தெருவில் கிடக்கும்.

அதுமட்டுமா? குழாயடியில் குடம் வைக்க விடாதது, மாடிப்படியில் எதிரே வந்தால் கதவை சாத்துவது, பிள்ளைகளை விளையாட சேர்க்காதது. இதற்கெல்லாம் போலீசில் புகார் கொடுக்கவா முடியும்?

முடியும் என்றது சட்டம். 1897-ம் ஆண்டின் பழைய தொற்றுநோய் சட்டத்தை மத்திய அரசு 2020 ஏப்ரல் 22-ந் தேதி அவசரமாக திருத்தியது. ஆஸ்பத்திரி ஊழியரை தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பலத்த காயம் என்றால் 7 ஆண்டு வரை உள்ளே இருக்க வேண்டும். தங்கும் இடத்தில் தொல்லை கொடுத்து, வேலைக்கு போகவிடாமல் செய்வதும் குற்றம்தான். செப்டம்பரில் பார்லிமெண்டும் இதை நிறைவேற்றியது.

சட்டம் நல்லதுதான். ஆனால் ராத்திரி டூட்டி முடிந்து வரும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் வேண்டியது சட்டப்புத்தகம் அல்ல. ஒரு வாளி வெந்நீர். தலைசாய்க்க ஒரு பாய்.

மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மே மாதத்தில்!

கொரோனா வார்டு டூட்டி என்றால் என்ன என்று வெளியே பலருக்கு தெரியாது.

தலை முதல் கால் வரை மூடும் உடுப்பு. அதற்குள் காற்று போகாது. 2 ஜோடி கையுறை. மூக்கை இறுக்கிப் பிடிக்கும் 'என்-95' முகக்கவசம். மேலே கண்ணாடி. மே மாத வெயிலில் மழைக்கோட்டு போட்டு பித்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு 6 மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்!

உடுப்பை போட்டுவிட்டால் கழற்றும்வரை தண்ணீர் கிடையாது. பாத்ரூம் கிடையாது. நடுவில் கழற்றினால் அந்த உடுப்பு குப்பைக்குத்தான். இதனால் டூட்டிக்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்ட நர்சுகள் எத்தனையோ பேர். முகத்தில் முகக்கவசத்தின் தழும்பு நாள் கணக்கில் மறையாது.

ஆரம்பத்தில் அந்த உடுப்புக்கே பஞ்சம். 2020 தொடக்கத்தில் நம் நாட்டில் அது தயாரிப்பதே இல்லை என்று சொல்லும் நிலை. அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது? மருந்து கடைகளில் 'என்-95' முகக்கவசத்தை ஜனங்கள் டஜன் கணக்கில் வாங்கி பீரோவில் பூட்டினார்கள். விலை ஏறியது. மார்ச் 13-ந் தேதி மத்திய அரசு முகக்கவசத்தையும் கை கழுவும் திரவத்தையும் அத்தியாவசிய பண்டங்கள் பட்டியலில் சேர்த்தது. பதுக்கினால் குற்றம் என்று ஆக்கவேண்டி வந்தது.

பிறகு தையல் எந்திரங்கள் கைகொடுத்தன. திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் பனியன் தைத்த கைகள் பாதுகாப்பு உடுப்பு தைத்தன. மே மாதத்துக்குள் நாட்டில் நாள் ஒன்றுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான உடுப்புகள் தயாராயின. கைதட்டலைவிட அந்த தையல் எந்திரத்தின் சத்தம்தான் வார்டுக்குள் கேட்டது!

கஞ்சித்தொட்டி ஊர் இது!

வடசென்னை பெரியவர்களுக்கு 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றால் தெரியும். இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரிதான் அது. 1782-ல் பஞ்ச காலத்தில் அந்த வட்டாரத்தில் ஏழைகளுக்கு கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் வந்தது. 1799-ல் அங்கே வைத்தியமும் ஆரம்பமானது. அது பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்த பிறகும் ஜனங்கள் வாயில் 'கஞ்சித்தொட்டி' என்ற பேர் போகவில்லை.

இந்த ஊரில் சோறுதான் முதலில் வந்தது. டாக்டர் பிறகுதான் வந்தார்!

அதே ஊரில் 2020 ஊரடங்கில் ராத்திரி டூட்டி முடித்த நர்சுக்கு ஒரு டீ கிடைக்கவில்லை. டீக்கடைகள் பார்சல் கொடுக்கவே மே 11-ந் தேதிதான் அனுமதி வந்தது. ஓட்டல்களிலும் பார்சல் மட்டும். அதுவும் நேரம் குறித்து.

ஆனாலும் அடுப்புகள் முழுவதும் அணைந்துவிடவில்லை. அம்மா உணவகங்கள் திறந்திருந்தன. பல நாட்கள் இலவசமாகவே சாப்பாடு போட்டன. தெரு இளைஞர்கள், கோவில், மசூதி, சர்ச்சு ஆட்கள், வியாபாரிகள் என்று பலரும் பொட்டலம் கட்டினார்கள்.

அதிலும் ஒரு குறை. பொட்டலம் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் டாக்டரையும் நர்சையும்தான் தேடினார்கள். வார்டை கழுவுகிறவர், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர், லாண்டிரியில் துணி துவைக்கிறவர், ரத்தம் எடுத்து சோதிக்கிறவர், ஆம்புலன்சு டிரைவர், பிண அறை தொழிலாளி. இவர்களில் பலர் கான்டிராக்டில் சொற்ப சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். நோயாளியின் படுக்கைக்கு அருகில் நின்று வேலை செய்தவர்களும் இவர்களில் உண்டு. மாலை மரியாதையில் கடைசி வரிசையும் இவர்களுக்குத்தான்.

ரெயில் இல்லாத நகரம்

மின்சார ரெயிலில் போய் வருகிறவர்களுக்கு இது நன்றாக புரியும்.

2020 மார்ச் கடைசியில் ரெயில் நின்றது. பஸ் நின்றது. அத்தியாவசிய ஊழியர்களுக்கு என்று சில பஸ்கள் மட்டும் ஓடின. நகரத்தில் சாதாரண ஜனங்களுக்கு பஸ் செப்டம்பர் 1-ந் தேதிதான் வந்தது. மெட்ரோ ரெயில் செப்டம்பர் 7-ந் தேதி வந்தது. அத்தியாவசிய ஊழியர்களுக்கான மின்சார ரெயில்கூட அக்டோபர் 5-ந் தேதிதான் புறப்பட்டது.

புறநகரில் குடியிருந்து சென்டிரல் பக்கம் வேலைக்கு வரும் ஆயாவுக்கு கார் ஏது? ஸ்பெஷல் பஸ்சை விட்டால் அவ்வளவுதான். அண்ணனோ, கணவரோ, பக்கத்து வீட்டு பையனோ மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டால் உண்டு. வழியில் போலீஸ் தடுப்பு வேறு. அடையாள அட்டையை கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வரவேண்டும்.

சென்டிரலுக்கு எதிரே...

2021 மே மாதம். இரண்டாவது அலை. அதை நினைத்தால் இப்போதும் பலருக்கு நெஞ்சு அடைக்கும்.

மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு நோய். சென்டிரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. உள்ளே படுக்கை காலி ஆனால்தான் வண்டி நகரும். வண்டிக்குள்ளேயே மூச்சு திணறியவர்கள் உண்டு. மூச்சு நின்றவர்களும் உண்டு.

ஒரு கணக்கு. பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றில் சுமார் 7 ஆயிரம் லிட்டர் இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம்கூட தாங்காது. நோய் முற்றி 15 லிட்டர் வேண்டும் என்றால் 8 மணி நேரத்துக்குள் காலி. ஆளுக்கு ஒன்று என்று கணக்கு போட்டால் எத்தனை லாரி வந்தாலும் போதுமா?

அந்த நேரத்தில் வாசலில் நின்று உதவியவர்களும் இருந்தார்கள். ஆக்சிஜன் பொருத்திய பஸ் நின்றது. ஆக்சிஜன் ஏற்றிய ஆட்டோ நின்றது. படுக்கை கிடைக்கும்வரை மூச்சுக்கு வழி செய்து கொடுத்தார்கள். மாநகராட்சி வாடகை கார்களை ஆம்புலன்சாக மாற்றியது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவு பகலாக கட்டுப்பாட்டு அறை நடந்தது. 104-க்கு போன் செய்தால் எங்கே படுக்கை காலி என்று தேடி சொன்னார்கள்.

இன்னொரு பக்கம் என்ன நடந்தது? 'ரெம்டெசிவிர்' மருந்துக்காக கீழ்ப்பாக்கம் மருத்துவ கல்லூரியில் விடிய விடிய கியூ. கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் நெரிசல். கடைசியில் ஜனங்களுக்கு நேரடியாக விற்பதை நிறுத்தி, ஆஸ்பத்திரிகளுக்கே கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இத்தனைக்கும் 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், அந்த மருந்து உயிர் காக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று கூறியிருந்தது. கூட்டத்தில் நோய் பரவியதுதான் மிச்சம்.

ஆக்சிஜன் அளவு 94-க்கு மேல் இருந்து, வேறு தொல்லையும் இல்லாதவர்கள் டாக்டர் யோசனைப்படி வீட்டிலேயே தனியாக இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். அப்படி வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு படுக்கையை மிச்சம் செய்தார்கள். பயத்தில் சிபாரிசு பிடித்து படுக்கையை அடைத்த ஒவ்வொருவராலும் வாசலில் ஒரு வண்டி கூடுதலாக நின்றது. ஆஸ்பத்திரிக்கு உதவி என்பது பணம் கொடுப்பது மட்டும் அல்ல!

மாலை வாடியதும்...

2021 மே மாதம் தமிழக அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. டாக்டர்களுக்கு 30 ஆயிரம், நர்சுகளுக்கு 20 ஆயிரம், மற்ற ஊழியர்களுக்கு 15 ஆயிரம் ரூபாய். கொரோனா பணியில் உயிர் இழந்த 43 டாக்டர்களின் குடும்பங்களுக்கு தலா 25 லட்சம் ரூபாய் என்றும் அறிவிப்பு வந்தது.

43 பேர்! அந்த வீடுகளில் கூடத்து சுவரில் படம் மாட்டியிருக்கும்.

நோய் தணிந்தது. 2020-ல் அவசர அவசரமாக மாதம் 14 ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் சேர்த்த தற்காலிக நர்சுகள் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்தது. நீடிக்கவில்லை. 2023 புத்தாண்டை அவர்கள் போராட்டத்தில்தான் கழித்தார்கள். "நோய் இருந்தப்போ நாங்க தேவைப்பட்டோம். இப்போ வேண்டாமா?" என்பதுதான் அந்த போராட்டத்தின் கேள்வி. பிறகு மாற்று வேலை தருவதாக அரசு கூறியது.

வீடு பற்றி எரியும்போது ஓடிவந்து தண்ணீர் ஊற்றியவனை, தீ அணைந்ததும் வாசலில் நிறுத்தி "நீ யாரப்பா?" என்று கேட்பதா?

அடுத்த தடவை

இன்னொரு கொள்ளைநோய் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வரும் என்பதில் வைத்தியம் படித்தவர்களுக்கு சந்தேகம் இல்லை.

வந்தால், வீட்டுக்காரர் செய்யவேண்டியது ஒன்றுதான். வாடகை வாங்கிய வீட்டில் நர்சை நிம்மதியாக இருக்க விடுவது. தனியாக வந்து போக ஒரு வழி, தனியாக ஒரு குழாய் கொடுத்தால் அதைவிட பெரிய தர்மம் வேறு இல்லை.

கடைக்காரர், பதுக்காமல் விற்றால் போதும். அடையாள அட்டையோடு வருகிறவருக்கு கியூவில் முன்னால் இடம் விட்டால் இன்னும் நல்லது. ஒரு பிளாஸ்க் டீ, இரண்டு டஜன் பன். வார்டு வாசலில் கொண்டுவைத்தால் எடுக்க ஆள் இருக்கும். துப்புரவு தொழிலாளிக்கும் சேர்த்து வைக்கவேண்டும்.

ஆபீசு குமாஸ்தா, வாட்ஸ்-அப்பில் வரும் வதந்தியை அடுத்தவருக்கு தள்ளாமல் இருக்கலாம். ரத்தம் கொடுக்கலாம். ஊரடங்கில் முகாம் நடக்காமல் ரத்த வங்கிகள் காய்ந்துபோயின. 18 வயது முதல் 65 வயது வரை உடம்பு நன்றாக இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை.

தெருக்காரர்கள், கடைசி ஊர்வலத்துக்கு வழி விடவேண்டும். அவ்வளவுதான்.

இதில் எதற்கும் அரசு உத்தரவு தேவை இல்லை.

இரவு 8 மணிக்கு மேல் சென்டிரல் பஸ் நிறுத்தத்தில் பார்க்கலாம். டூட்டி முடித்த நர்சுகளும் ஆயாக்களும் டிபன் பாக்ஸ் பையோடு பஸ் ஏறுவார்கள். உட்கார்ந்த மறு நிமிடமே ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து தூங்கிவிடுவார்கள். யாரும் கைதட்டுவது இல்லை. அவர்களும் எதிர்பார்ப்பது இல்லை.

அன்று பயந்துபோய் தள்ளி நின்ற ஊர், இன்று உட்கார இடம் கொடுக்க கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அதுவே போதும்.